ஆடிக்கு முன் ஒட்டிய கழுத்து

2024 மே 14ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, பொரளையில் நரம்பியல் வைத்தியர் ஒருவர் வெள்ளவத்தையைச் சேர்ந்த ஐம்பத்துமூன்று வயது லோகேஸ்வரனுக்கு மோட்டார் நியூரோன் நோய் என்று உறுதிப்படுத்தினார். நோய் இடது கையில் தொடங்கியிருந்தது.

அந்தக் கிழமைச் சனியன்று லோகேஸ்வரன் மனைவி அனுஷியாவோடு முச்சக்கரவண்டியில் கொட்டாஞ்சேனைக்கு, பழைய நண்பன் ஜீவராஜிடம் வந்தான். ஜீவராஜின் பட்டறை என்பது அவனுடைய வீட்டு முன்னறைதான். கதவைத் திறந்து வைத்தால் மரத்தூள் வாசம் ரோட்டு வரைக்கும் போகும். கடைகளில் வாங்கிய கிட்டார்களைத் திருத்துவது அவனுக்கு வாரம் முழுக்க உள்ள வேலை. எப்போதாவது ஒரு முறை, ஆளின் கைக்கு ஏற்ற அளவில், ஆள் கேட்கிற மரத்தில், எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று செய்து கொடுப்பான். அவனும் லோகேஸ்வரனும் தொண்ணூறுகளில் ஒரே குழுவில் வாசித்தவர்கள். கல்யாண மண்டபம், கோயில் திருவிழா, சேர்ச் கார்னிவல் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனார்கள். ஜீவராஜ் பின்னால் நின்று பக்கத்துணையாகக் கோர்ட்ஸ் அடிப்பான். லோகேஸ்வரன் முன்னால் நின்று மெட்டை, அதாவது லீட், வாசிப்பான்.

"என்னடா மச்சான் திடீர்னு? ஒரு போன் பண்ணியிருந்தா ஏதாச்சும் வாங்கி வச்சிருப்பேன்ல."

"நீ வாங்கி வைக்கிற ஆள்தான். உன்ர வீட்டில நான் இன்னும் ஒரு பிளேன்ரீ குடிச்சதில்ல."

சிரித்துக்கொண்டேதான் இடது கையை நீட்டினான். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்க வேண்டிய தசை வற்றி, அந்த இடத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. வைத்தியர் சொன்னதை அவன் செய்தி வாசிப்பதுபோல ஒப்பித்தான். முதலில் கை, பிறகு மற்றக் கை, பிறகு கால், பிறகு தொண்டை. ஆளுக்கு ஆள் வேகம் வேறுபடும். குணப்படுத்த மருந்து இல்லை.

அனுஷியா சுவரில் தொங்கிய கிட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவள். வீட்டில் அழுது முடித்துவிட்டு வந்தவளின் முகம்.

"ஒரு கிட்டார் செய்து தா" என்றான் லோகேஸ்வரன். "என்ர பழசை அமத்த ஏலாது. கழுத்து தடிப்பு, கம்பியும் உயரம். இந்தக் கைக்கு ஏத்த மாதிரி ஒண்டு வேணும். 'தண்ணி டைம்' ஒருக்கா வாசிக்கோணும். வாசிச்சு ரெக்கோட் பண்ணோணும். அவ்வளவுதான்."

ஜீவராஜுக்கு விளங்கியது. பாடகர்கள் தண்ணீர் குடிக்கும் இடைவேளையில் சனம் எழுந்து போகாமல் இருப்பதற்காக லோகேஸ்வரன் தானாகவே கட்டிய ஓர் இசை அது. நாலு நிமிடம் வரும். சொற்களும் இல்லை, பெயரும் இல்லை. குழுவில் எல்லோரும் அதைத் 'தண்ணி டைம்' என்று சொல்வார்கள். பிறகு பிறகு, பாட்டை விட்டுவிட்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேட்கிற ஆட்களும் வந்தார்கள். அந்த நாட்களில் அதை ஒருவரும் பதிவு செய்யவில்லை. குழு கலைந்த பிறகு லோகேஸ்வரன் வங்கி வேலையோடு இருந்துவிட்டான்.

"மச்சான், அதுக்கு எதுக்குக் கிட்டார் செய்யணும்? இப்பவே வாசி. இந்தா, இது லேசா இருக்கும்." சுவரில் இருந்து ஒன்றை எடுத்து நீட்டினான் ஜீவராஜ். "நான் போன்ல எடுக்கிறேன்."

லோகேஸ்வரன் வாங்கி மடியில் வைத்தான். முதல் வரி வந்தது. இரண்டாம் வரியில் தந்தியை மேலே தள்ளி இழுக்க வேண்டிய இடத்தில் விரல் வழுக்கியது. மறுபடி தொடங்கினான். மறுபடி அதே இடம்.

"போனை வை" என்றான். "இப்பிடி வாசிச்சு எடுத்து வைச்சா, பிறகு கேக்கிறவன் லோகேஸ் இப்பிடித்தான் வாசிச்சவன் எண்டு நினைப்பான். எனக்கு அது வேண்டாம்."

"அப்ப மடியில படுக்கப் போட்டு, இரும்புத் துண்டு வச்சு இழுக்கிற மாதிரி செய்றேன். அமத்தத் தேவையில்ல. இழுத்தா போதும்."

"டேய், நான் என்ன சப்பாத்திக்கு மாவா உருட்டப் போறன்?"

அனுஷியாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு அந்த யோசனை அன்றைக்கு முடிந்தது.

மரம் தேடுவது அடுத்த கிழமை தொடங்கியது. கை பாரம் தாங்காது என்பதால் உடலுக்கு லுணுமிதெல்ல என்று ஜீவராஜ் முடிவு செய்தான். தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கும் மரம், ஆனால் ஒலியை விழுங்காது. அதன் மேலே ஒட்ட மெல்லிய பலகை ஒன்று வேண்டும். அதற்காக மருதானையில் பழைய தளபாடம் விற்கும் ராசிக் நானாவிடம் போனான்.

கடையின் மூலையில் ஒற்றைக் கதவு தொங்கிய அல்மாரி ஒன்று நின்றது. ராசிக் நானா ஈரத் துணியால் அந்தக் கதவைத் துடைத்தார். கோப்பி நிறத்தில் கறுப்புக் கோடுகள் அலை அலையாக எழுந்து வந்தன.

"களுமெதிரிய" என்றார் சிங்களப் பெயரில். "இப்ப இந்த மரத்தில கை வெச்சா ஜெயில்தான். இது எங்கட வாப்பா பொறக்க முந்தி வெட்டினது. அல்மாரியோட எடுங்க."

"கதவு மட்டும் போதும் நானா."

"கதவ நீங்க கொண்டு போனா மத்தத நான் எனத்துக்கு வெச்சிக்கிற? உடுப்பெல்லாம் ரோட்டப் பாத்துக்கிட்டு ஈக்குமே."

யாருக்கு, எதற்கு என்று ஜீவராஜ் சொன்னான். ராசிக் நானா திருப்புளியை எடுத்துத் தானே பிணைச்சலைக் கழற்றத் தொடங்கினார்.

விரல் ஓடும் பலகைக்கு, கால் உடைந்த கதிரை ஒன்றிலிருந்து கருங்காலி கிடைத்தது. மிச்சம் கழுத்து. கிட்டாரில் எல்லாம் கழுத்தில்தான் இருக்கிறது. தந்திகளின் இழுவை முழுவதையும் தாங்குவது அது. மெல்லியதாகவும் இருக்க வேண்டும், வளையவும் கூடாது என்றால் அதற்கு முதிரை போல் மரம் இல்லை. இரண்டு தெரு தள்ளி, மாடி வீடு கட்டுவதற்காகப் பழைய வீடு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கூரையைத் தாங்கி நின்ற உத்தரக்கட்டை ஒன்றை, ஒரு முதிரை வளையை, ஜீவராஜ் வாங்கி வந்தான். அறுத்தபோது உள்ளே மஞ்சளாக, பட்டுப் போல மினுங்கியது.

பழைய மரமானாலும் அறுத்த உடனே வேலைக்கு ஆகாது. வளையாக இருந்தவரை உள்ளே அடங்கிக் கிடந்த இறுக்கம் அறுத்ததும் வெளியே வரும், பலகை ஒரு பக்கம் திரும்பும். ஜீவராஜின் முறை, அறுத்துவிட்டு மூன்று கிழமை வைப்பது, கொஞ்சம் சீவுவது, மறுபடி மூன்று கிழமை வைப்பது. அதன் பிறகும், பலகையின் இரண்டு முனையிலும் நேரான குச்சி ஒவ்வொன்று வைத்து, ஒற்றைக் கண்ணால் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பார்ப்பான். இரண்டு குச்சியும் ஒரே கோட்டில் நின்றால் மரம் அடங்கிவிட்டது. இல்லையென்றால் இன்னும் வைக்க வேண்டும்.

அது அடங்கும்வரை, லுணுமிதெல்லத் துண்டுகளில் பொய்க் கழுத்துகள் செய்து லோகேஸ்வரனின் கைக்கு அளவு பார்த்தான். லோகேஸ்வரன் பிடிப்பான், ஜீவராஜ் சீவுவான், மறுபடி பிடிப்பான்.

"இப்ப எப்பிடி?"

"இன்னும் வயித்தைக் குறை. உன்ர வயிறு மாதிரி இருக்கு."

"என் வயித்தக் குறைச்சா பொண்டாட்டி கோவிச்சிக்குவாடா. வளத்ததே அவதான்."

ஜூன் கடைசியில் வந்தபோது, ஆரம்பத்தில் மெல்லியது என்று ஒதுக்கி வைத்திருந்த துண்டை லோகேஸ்வரன் எடுத்துப் பார்த்தான். "இது சரியா இருக்கு" என்றான். துண்டு மாறவில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஜீவராஜ் அந்த அளவைக் கழுத்துக்கு எடுத்துக்கொண்டான்.

கழுத்தை நான்கு திருகாணி போட்டு உடலோடு பூட்டலாம். பழுதானால் கழற்றி மாற்றலாம். ஆனால் உடலோடு பசை போட்டு ஒட்டிவிட்டால் ஒலி நெடுநேரம் நிற்கும். விரல் தளர்ந்தவன் ஒரு முறை தொட்டாலும் சுரம் தொடர்ந்து போகும். லோகேஸ்வரனுக்கு அதுதான் வேண்டும். ஆகவே ஒட்டுவது என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள்.

ஜூலை இரண்டாம் கிழமை அனுஷியா தனியாகப் பட்டறைக்கு வந்தாள்.

"ஜீவா அண்ணா, எப்ப ஒட்டப் போறீங்கள்?"

"ஆகஸ்ட் தொடக்கத்துல. மரம் இன்னும் கொஞ்சம் அசையுது தங்கச்சி."

"அது ஆடி எல்லே."

ஜீவராஜ் சிரித்தான். "நான் வேதக்காரன். எனக்கு ஏது ஆடி?"

"நீங்கள் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில கலியாணம் செய்வீங்களோ?"

அவன் கையிலிருந்த சீவுளியை மேசையில் வைத்தான்.

"வாற கிழமை ஆடி பிறக்குது" என்றாள். "எங்கட ஆக்கள் ஆடிக்குள்ள புதுசா ஒண்டும் தொடங்கிறேல்ல. எனக்கு இதில நம்பிக்கை இருக்கோ இல்லையோ எண்டு கேக்காதீங்கோ. எனக்கே தெரியாது. ஆனா ஆடியில ஒட்டி, பிறகு இவரால வாசிக்க ஏலாமல் போச்செண்டா, நான் விட்ட பிழையாலதான் எண்டு காலம் முழுக்க யோசிச்சுக்கொண்டிருப்பன். அதைத் தாங்க எனக்கு ஏலாது."

"அப்ப ஆவணி பொறக்கட்டும். அதுக்குள்ள மரமும் அடங்கிரும்."

"ஆவணிக்கு இன்னும் ஒரு மாசத்துக்கு மேல. நேற்று ஷேர்ட் பொத்தான் பூட்ட என்னைக் கூப்பிட்டவர். இவ்வளவு நாளும் கூப்பிடேல்ல."

அவள் போன பிறகு ஜீவராஜ் கழுத்துப் பலகையை எடுத்து இரண்டு முனையிலும் குச்சிகளை வைத்துப் பார்த்தான். ஒரு மயிரிழை விலகல் இருந்தது. மேல் குச்சியின் வலது முனை கொஞ்சம் தூக்கி நின்றது. வேறு யாருடைய கிட்டாராக இருந்தாலும் பலகையைத் திரும்பவும் பரணில் போட்டிருப்பான். சீவுளியை எடுத்து அந்த மயிரிழையைச் சீவினான். மறுபடி பார்த்தான். குச்சிகள் ஒரே கோட்டில் நின்றன. முறுக்கைச் சீவி எடுத்தால் முறுக்கு போய்விடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். அவனிடம் வேலை பழகுகிற ஒருவன் அப்படிச் செய்திருந்தால் ஜீவராஜ் ஏசியிருப்பான்.

ஜூலை 15, திங்கட்கிழமை, இராகு காலம் கழிந்த பிறகு, மூன்று பேரும் பட்டறையில் நின்றார்கள். வெளியே மழை. அனுஷியா சந்தனம் கொண்டு வந்து கழுத்தின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தாள். ஜீவராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். லோகேஸ்வரன் இரண்டையும் பார்த்துவிட்டு, "ராசிக் நானாவையும் கூப்பிட்டிருந்தா முழுசாகியிருக்கும்" என்றான். பசை தடவி, கழுத்தை அதன் குழியில் இறக்கி, கிளாம்புகளை இறுக்கினார்கள். கடைசிக் கிளாம்பின் கைபிடியை லோகேஸ்வரன் வலது கையால் திருகினான்.

ஆடிப் பிறப்புக்கு அனுஷியா கூழும் கொழுக்கட்டையும் அனுப்பினாள். கூழைக் குடித்துவிட்டு ஜீவராஜ் கருங்காலியில், சுர இடங்களைப் பிரிக்கும் ஃப்ரெட் கம்பிகளை ஒவ்வொன்றாக அடித்து இறக்கினான். களுமெதிரியப் பலகையை மினுக்கினான். ஆகஸ்ட் நடுவில், கடையில் கிடைக்கிற மிக மெல்லிய தந்திகளைப் போட்டு முறுக்கினான். சுருதி நின்றது. ஒற்றைத் தந்தியைத் தொட்டபோது ஒலி அறை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. ஆவணி பிறந்ததும் கொண்டு வருகிறேன் என்று போனில் சொன்னான்.

ஐந்தாம் நாள் காலையில், மேல் தந்தி ஏழாம் ஃப்ரெட்டில் இரையத் தொடங்கியது. கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிப் பார்த்தான். மேல் தந்தி சரியானது, கீழ்த் தந்தி இரைந்தது. கீழ்த் தந்தியைச் சரிசெய்தால் மேல் தந்தி. குச்சிகளை எடுக்கத் தேவையிருக்கவில்லை. கிட்டாரைத் தூக்கி, அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒற்றைக் கண்ணால் பார்த்தான். கழுத்து ஈரத் துணியைப் பிழிகிற மாதிரித் திரும்பியிருந்தது. வளைவு என்றால் அந்தக் கம்பி நிமிர்த்தும். முறுக்கை நிமிர்த்த ஒன்றும் இல்லை.

அன்று மாலையே வெள்ளவத்தைக்கு போன் எடுத்தான். அனுஷியாதான் எடுத்தாள்.

"கழுத்து போச்சு தங்கச்சி. மரம் அடங்க முந்தி ஒட்டிட்டேன்."

"நான்தானே ஒட்டச் சொன்னனான்" என்றாள்.

"நீங்க சொன்னீங்க. சீவுளி என் கையில இருந்துச்சு."

போனை வைத்துவிட்டுப் பட்டறை விளக்கைப் போட்டான்.

ஒட்டிய கழுத்து கழற்ற வராது. ஆவி பிடித்தால் பசை இளகும். ஆனால் அந்த ஈரத்தில் மேலே உள்ள களுமெதிரிய வெடிக்கும். ஜீவராஜ் மரமறுக்கும் வாளால் கழுத்தை அறுத்து எடுத்தான். குழியில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை உளியால் துண்டு துண்டாகப் பெயர்த்தான். கருங்காலிப் பலகையை மட்டும் சூடு காட்டி மெதுவாகப் பிரிக்க முடிந்தது. அந்த முதிரை வளையில் மிச்சம் இருந்த துண்டை அறுத்து, இந்த முறை அவசரப்படாமல் வைத்தான். வைத்துவிட்டுச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மரத்தை அடங்கச் சொல்லி யாரும் கெஞ்ச முடியாது.

செப்டெம்பரில் வெள்ளவத்தைக்குப் போனான். கடல் பக்கம் பார்த்த மூன்றாம் மாடி வீடு. ரயில் போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். லோகேஸ்வரனின் இடது கை மடியில் கிடந்தது.

"மச்சான், நீ வாயால சொல்லு. நான் வாசிக்கிறேன். நான் வாசிச்சு எடுத்து வைப்போம்."

லோகேஸ்வரன் ஒவ்வொரு வரியாக முனகிக் காட்டினான். எந்தத் தந்தி, எந்த இடம், எவ்வளவு இழுப்பது என்று வலது கையால் காற்றில் வரைந்தான். ஜீவராஜ் மத்தியானம் வரைக்கும் அதோடு இருந்தான். கடைசியில் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பிழையில்லாமல் வாசித்தும்விட்டான்.

"நல்லா இருக்கு" என்றான் லோகேஸ்வரன்.

"ஆனா?"

"ஆனா ஒண்டும் இல்ல. நல்லா இருக்கு. ஆர் வாசிக்கிறது எண்டு கேட்டா, கொட்டாஞ்சேனை ஜீவராஜ் எண்டு சொல்லுவன்."

ஜீவராஜ் அதைப் பதிவு செய்யவில்லை.

இரண்டாவது கழுத்து ஒக்டோபர் கடைசியில் ஒட்டப்பட்டது. அன்று நல்ல நாளா என்று யாரும் கேட்கவில்லை. குச்சிகள் ஒரே கோட்டில் நின்றன. தந்தி போட்ட பிறகு ஒரு கிழமை வைத்துப் பார்த்தான். கழுத்து அசையவில்லை. மேலிருந்து கீழ் வரைக்கும் எந்தத் தந்தியும் எந்த ஃப்ரெட்டிலும் இரையவில்லை. அவன் செய்தவற்றில் அதுதான் சிறந்தது. அதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை.

நொவம்பர் 16, சனிக்கிழமை, கிட்டார் வெள்ளவத்தைக்குப் போனது. அனுஷியா மேசையில் போனை நிறுத்தி, கமெரா சரியாகத் தெரிகிறதா என்று பார்த்தாள். பிறகு கணவனின் இடது கையைத் தூக்கி, கழுத்தின் பின்பக்கம் பெருவிரலையும் முன்பக்கம் மற்ற விரல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கழுத்து அந்தக் கைக்கு அச்சாகப் பொருந்தியது.

"ஓம்" என்றான் லோகேஸ்வரன். "இதுதான் அளவு."

வலது கையால் தந்தியைத் தட்டினான். ஒலி எழுந்து நின்றது. விரல் அமத்தாத, திறந்த தந்தியின் ஒலி. இடது கை விரல்கள் தந்திகளை விட்டு ஓரத்துக்குச் சரிந்து கிடந்தன. மறுபடி தட்டினான். மறுபடியும் திறந்த தந்தி.

ஜீவராஜ் கிட்டாரை வாங்கி லோகேஸ்வரனின் மடியில் படுக்கப் போட்டான். சட்டைப் பையில் கொண்டு வந்திருந்த இரும்புத் துண்டை எடுத்து அந்தக் கைக்குள் வைத்தான். லோகேஸ்வரன் அதைப் பார்த்து, "மாவு உருட்ட வைச்சிட்டாய்" என்றான். துண்டு இரண்டு அங்குலம் நகர்ந்தது. தந்தி ஒரு தரம் ஊளையிட்டது. பிறகு விரல்கள் விரிய, துண்டு நழுவிக் களுமெதிரியப் பலகையில் விழுந்தது. விழுந்த இடத்தில் பிறை போல ஒரு பள்ளம்.

"ஐயோ, உன்ர பலகை" என்றான் லோகேஸ்வரன்.

"விடு மச்சான். அல்மாரிக் கதவுதானே."

கீழே ரயில் ஒன்று போனது. ஜன்னல் நடுங்கி முடியும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"நீ கோர்ட்ஸை அடி" என்றான் லோகேஸ்வரன். "வழமையா அடிக்கிற மாதிரி. லீட் அடிக்காதை."

ஜீவராஜ் அடித்தான். முப்பது வருடத்துக்கு முன் பின்னால் நின்று அடித்த அதே கோர்ட்ஸ். லோகேஸ்வரன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். லீட் வர வேண்டிய இடங்களில் தாடை மட்டும் கொஞ்சம் அசைந்தது. நாலு நிமிடம் முடிந்ததும், "சரி" என்றான். அனுஷியா போனை எடுத்துப் பார்த்தாள். பதிவுப் பொத்தானை அழுத்த மறந்திருந்தாள். மறுபடி ஒரு தரம் அடிக்கட்டுமா என்று ஜீவராஜ் கேட்டான். வேண்டாம் என்றான் லோகேஸ்வரன்.

டிசம்பரில் வலது கையிலும் தொடங்கியது. கிட்டாரைக் கொண்டு போய் வேறு யாருக்காவது கொடுக்கும்படி லோகேஸ்வரன் சொன்னான். ஜீவராஜ் கேட்டுப் பார்த்தான். கழுத்து மிகவும் மெல்லியதாக இருக்கிறது, கையில் பிடிபடவில்லை என்று வந்து பார்த்த இரண்டு பேரும் சொன்னார்கள். அது கொட்டாஞ்சேனைப் பட்டறையில் சுவரில் தொங்குகிறது.